வெட்டலாமா, விடலாமா? திருகோணமலையில் பழைய கார் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உவர்மலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. அப்பாவின் கார். பெற்றோல் செட்டில் வரிசையில் நின்றால் போதும், யாராவது வந்து பொனற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் பழைய எஞ்சினோ? யப்பான் எஞ்சின் ஒன்று இறக்கினால் என்ன?" என்பார்கள். பின்னால் நிற்பவர் உடனே, "அதைத் தொடாதேங்கோ, ஒரிஜினலாக வையுங்கோ" என்பார். பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள், நான் பெற்றோல் அடித்துக்கொண்டு வந்துவிடுவேன். பல வருடமாகக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. சண்டை பிடிக்க வருபவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தொடங்கலாம்.

"ஒரிஜினல்" என்று எதைச் சொல்கிறீர்கள்?

பாதிச் சண்டை இந்தச் சொல்லில்தான். ஒருவருக்கு ஒரிஜினல் என்றால் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று இருந்த மாதிரியே இருக்க வேண்டும். இன்னொருவருக்கு, பழுதாகப் பழுதாக அதே வகைச் சாமானைப் போட்டு ஓடி வந்திருந்தால் போதும். மூன்றாமவருக்குப் பெயின்ட் மினுங்கினாலே ஒரிஜினல். அவரை விட்டுவிடுவோம்.

கை வைக்காமலே கிழடான கார்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன. யாரோ ஒரு தாத்தா வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டி, மற்ற நாளெல்லாம் கொட்டகையில் பூட்டி வைத்தது. எங்கள் பக்கம் அப்படி ஒன்றைக் காண்பது அரிது. இங்கே பழைய கார் என்றால் உழைத்த கார். வாடகைக்கு ஓடியிருக்கும், மீன் பெட்டி ஏற்றியிருக்கும், பிள்ளைப்பேற்றுக்கு நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும், சண்டைக் காலத்தில் பாயும் சட்டி பானையும் கூரையில் கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்திருக்கும். அதன் உடம்பில் உள்ள ஒட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு.

பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது, ஃபீவா என்பார்கள். 1966இல் தொடங்கியது. 30 வயது தாண்டியதை அவர்கள் வரலாற்று வாகனம் என்கிறார்கள். டூரின் சாசனம் என்று அவர்கள் வைத்திருக்கும் ஆவணத்தில் எனக்குப் பிடித்த விஷயம், ஓடிய காலத்தில் அந்த வாகனத்துக்கு நடந்த மாற்றங்களையும் அதன் சரித்திரத்தில் சேர்த்துப் பார்ப்பது. புதிதாக ஏதும் மாற்றினால் அது திருப்பி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும், எழுதியும் வைக்க வேண்டும் என்கிறார்கள். நம் ஊர்க் கார்களுக்கென்றே எழுதினது போல இருக்கிறது.

மொடிபை என்பதில் எதெல்லாம் சேரும்?

ரேடியோ மாற்றுவதிலிருந்து கூரையை அறுத்து உயரத்தைக் குறைப்பது வரை எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே சொல். நான் இரண்டாகப் பிரிப்பேன்: ஸ்பேனரால் செய்தது, கிரைண்டரால் செய்தது. ஸ்பேனரால் செய்ததை ஒரு சனி ஞாயிறுக்குள் பழையபடி ஆக்கிவிடலாம். கிரைண்டர் பட்ட தகரம் பட்டதுதான்.

பிரித்தானியாவின் வாகனப் பதிவு அலுவலகம் நெடுங்காலமாக ஒரு புள்ளிக் கணக்கைப் பின்பற்றியது. பெரிதாக மாற்றிய கார் ஒன்று பழைய நம்பரை வைத்துக்கொள்ள 8 புள்ளி எடுக்க வேண்டும். செசி என்ற அடிச்சட்டம், அல்லது செசி இல்லாத காரில் பொடி என்ற உடற்கூடு, வெட்டுப்படாமல் இருந்தால் 5 புள்ளி. சஸ்பென்ஷன், அச்சு, கியர்பொக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? வெறும் 1. எஞ்சின்தான் காரின் உயிர் என்று சத்தியம் செய்பவர்களிடம் இதைச் சொன்னால் ஒருமாதிரியாகப் பார்க்கிறார்கள்.

சரி, நீங்கள் எந்தப் பக்கம்?

ஸ்பேனர் பக்கம். ஓடாமல் துணி போர்த்தி நிற்கும் ஒரிஜினல் காரை விட, நாலு சாமான் மாற்றிப் போட்டு நிலாவெளி வரை போய்வரும் கார் எனக்குப் பெரிது. ஆனால் பொடியில் கிரைண்டர் வைக்கிறவனைக் கண்டால் வயிறு எரியும்.

மொறிஸ் மைனரே வெட்டி ஒட்டின கார்தானே? அப்புறம் ஏன் இந்தப் பத்தியம்?

அநுராதபுரச் சந்தியில் ஒரு தம்பி கேட்டது இது. நல்ல கேள்வி, ஏனென்றால் சொன்னது உண்மை. மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், கார் கிட்டத்தட்டத் தயாரான நேரத்தில் அது மிகவும் ஒடுங்கலாக இருக்கிறதென்று கண்டார். மாதிரிக் காரை நடுவால் நீளத்துக்கு இரண்டாகப் பிளக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினால் சரி என்று நிறுத்தினார். 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சிக்கு அப்படித்தான் வந்தது. நம்பாவிட்டால் எந்த மைனரின் பொனற்றையும் பாருங்கள். நடுவில் பட்டையாக ஒரு மேடு ஓடும். அந்த 4 அங்குலம்தான் அது. பம்பர்கள் முதலே செய்தாகிவிட்டதால், ஆரம்பக் கார்களில் அவற்றையும் நடுவால் வெட்டி ஒரு துண்டு வைத்துப் பொருத்தினார்கள்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில்: இசிகோனிஸ் வெட்டியது மாதிரிக் காரை. அவருக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையே நின்றது. பிழைத்தால் அடுத்த நாள் இன்னொன்று அடிக்கலாம். உன் கையில் இருப்பது ஒன்று. தம்பி சிரித்தான், ஒப்புக்கொள்ளவில்லை.

எஞ்சினை மாற்றலாமா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

என்னுடையது போன்ற மைனர் 1000இல் வருவது 948 சிசி எஞ்சின், 37 குதிரைவலு. 1962க்குப் பிறகு 1098 சிசி, 48 குதிரைவலு. ஹபரணை வீதியில் பின்னால் பஸ் வந்து ஹோர்ன் அடிக்கும்போது இந்த எண்கள் போதாது என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது.

வழிகள் சில உண்டு. முதலாவது, அதே குடும்பத்து 1275 சிசி எஞ்சின். மொறிஸ் மரீனா, எம்.ஜி. மிட்ஜெட் போன்றவற்றில் வந்தது. பெரிதாக எதையும் வெட்டாமல் உட்காரும், சத்தமும் அதே சத்தம். எனக்கு முடிந்தால் இதையே செய்வேன். கிடைப்பதுதான் கஷ்டம். கொழும்பில் பழைய சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு இரண்டு தரம் தேடிப் போய் வெறுங்கையோடு வந்தேன். இரண்டாவது, பழைய நிசான், டொயோட்டா பெற்றோல் எஞ்சின்கள். டட்சன் 1200இல் வந்த ஏ12 எஞ்சினை உலகத்தில் பல இடங்களில் மைனருக்குள் இறக்கியிருக்கிறார்கள். மவுண்டிங் செய்ய வேண்டும், புரொப்பலர் ஷாப்டை லேத்தில் கொடுத்து அளவாக்க வேண்டும். கவனமாகச் செய்தால் பொடிக்குச் சேதம் குறைவு. இதைத் துரோகம் என்று கத்துபவர்களுக்கு ஒரு செய்தி: நிசான் 1952இல், மைனர் 1000இன் எஞ்சினை வடிவமைத்த அதே ஒஸ்ரின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, யப்பானில் ஒஸ்ரின் கார்களைத் தயாரித்துத்தான் தொழிலைக் கூர்தீட்டியது. ஒரு வகையில் பேரன் தாத்தா வீட்டுக்கு வருகிறான்.

மூன்றாவது, டீசல் எஞ்சின். ஒஸ்ரின் கேம்பிரிஜ் போன்ற பெரிய கார்களில் வாடகைக்கு ஓடியவர்கள் போட்டார்கள், சோறு கிடைத்தது, குறை சொல்ல மாட்டேன். மைனருக்குள் டீசல் வேண்டாம். பாரம் முன்னுக்கு இழுக்கும், அதிர்வில் தகரம் வெடிக்கும், கதவுக் கண்ணாடி பல்லு நடுங்குவது போல நடுங்கும்.

எதைச் செய்தாலும் பழைய எஞ்சினை இரும்புக் கடைக்குக் கொடுக்காதீர்கள். பிளக் துவாரத்தால் கொஞ்சம் ஒயில் விட்டு, மேலே பொலித்தீன் சுற்றி, மரக்கட்டையில் ஏற்றி மூலையில் வையுங்கள். ஒருநாள் உங்கள் மகனோ, காரை வாங்குபவரோ கேட்பார்.

பழைய எஞ்சினையே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வேலை கட்டாயம். அந்தக் காலத்துப் பெற்றோலில் ஈயம் இருந்தது, வால்வு இருக்கைகள் தேயாமல் அது காத்தது. இப்போதைய பெற்றோலில் ஈயம் இல்லை. ஹெட்டைக் கழற்றும்போது எக்ஸோஸ்ட் பக்கம் கடின உலோக இருக்கைகள் போட்டுவிடுங்கள். வெளியே தெரியாது, ஒரிஜினல்காரர் யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்.

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார் ஒன்று கிடைத்திருக்கிறது. அந்த அமைப்பைக் கழற்றிவிடவா?

தயவுசெய்து வேண்டாம். முதலில் படம் எடுங்கள்.

தெரியாத பிள்ளைகளுக்காக: 1990களில் வடக்குக்குப் பெற்றோல் போகத் தடை இருந்தது. ஒஸ்ரின் கேம்பிரிஜ், ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே காபரேட்டருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சொட்டுச் சொட்டாக விற்ற பெற்றோல் அது, சென்ட் போத்தல் மாதிரிப் பொத்தி வைத்திருப்பார்கள். பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அவை அதைத் தாங்கின. வெள்ளைப் புகை கக்கும், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைக் கரைக்கும், பிளக் கரி பிடிக்கும். இருந்தும் ஓடின. அதற்குப் பிறகு வந்த கார்களில் எத்தனை அப்படி ஓடியிருக்கும்?

சில வருடம் முன்பு இங்கே விற்பனைக்கு வந்த ஒரு கேம்பிரிஜின் பொனற்றைத் திறந்து பார்த்தேன். காபரேட்டருக்குப் பக்கத்தில், மருந்துப் போத்தல் ஒன்று நிற்கும் அளவுக்குத் தகரத்தில் வளைத்த ஒரு வளையம். அதிலிருந்து சேலைன் குழாய், நடுவில் சேலைனுக்கு வரும் அந்தச் சின்ன உருளை, விரலால் உருட்டிச் சொட்டைக் கூட்டிக் குறைக்க. குழாய் மஞ்சளாகி முறுகிப் போயிருந்தது. வாங்க வந்தவர், "இந்தக் குப்பையை எடுத்துவிட்டு ஒரிஜினலாக்கலாம்" என்றார். இங்கிலாந்தில் லட்சக்கணக்கில் செய்த காரில் அந்த வளையம்தான் ஒரிஜினல், மற்றதெல்லாம் இன்னொரு காரிலும் கிடைக்கும் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அவர் காசு, அவர் கார்.

ஓட்டுவதற்குப் பெற்றோல் பாதையைச் சரியாகப் போடுங்கள், அது வேறு. அந்த வளையமும் குழாயும் இருந்த இடத்தில் இருக்கட்டும்.

பாதுகாப்புக்காக மாற்றினால் ஒரிஜினல் கெட்டுப் போகுமா?

உயிரோடு இருந்தால்தானே ஒரிஜினலைப் பற்றிப் பேசலாம். சீற் பெல்ட் போடுங்கள். முன் டிரம்மை டிஸ்க் பிரேக்காக்குவது போல்ட் வேலைதான், பழைய டிரம்மை எடுத்து வையுங்கள். மைனரில் பிரேக்குக்கு ஒரே ஒரு சுற்று, மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாததால் யாரும் பார்ப்பதில்லை. ஒயில் குறைந்தால் எல்லாச் சில்லும் ஒன்றாகக் கைவிடும்.

ஆனால் டிஸ்க் வாங்கக் காசு சேர்ப்பதற்கு முன்னால் கிரீஸ் துப்பாக்கியை எடுங்கள். மைனரின் முன் சில்லைத் தாங்கும் கீழ் டிரனியன் ஒரு மரையில் சுற்றி நிற்கிறது. கிரீஸ் இல்லாமல் அந்த மரை தேய்ந்தால் ஒருநாள் கழன்று, முன் சில்லு உள்ளே மடிந்து, கார் முழங்காலில் விழும் மாடு மாதிரிக் குனியும். எனக்கு நடந்தது டொக்யார்ட் வீதியில், மெதுவாகத் திரும்பும்போது. வேகமாகப் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனோ தெரியாது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஒரு கராஜில் "எல்லாம் கிரீஸ் அடிச்சாச்சு" என்று பில் போட்டிருந்தார்கள். நிப்பிளில் பழைய மண் அப்படியே காய்ந்திருந்தது. அதற்குப் பிறகு நானே பாயைப் போட்டுப் படுத்து அடிக்கிறேன்.

சிக்னலைப் பற்றியும் கேட்பார்கள். 1961 வரை வந்த மைனர்களில் கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று நீளும். பார்க்க அழகு. பின்னால் வரும் முச்சக்கர வண்டிக்காரருக்கு அது என்னவென்றே தெரியாது. ஒருமுறை ஒரு பெடியன் நீண்ட கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். மஞ்சள் விளக்கு தனியாகப் போட்டுவிட்டேன், கையும் வேலை செய்கிறது.

ஏ.சி. போடலாமா?

37 குதிரையில் ஐந்தாறை ஏ.சி.க்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் மலை ஏறப் போகிறீர்களா? கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியானம் காரை எடுக்காதீர்கள். காலையில் போங்கள், முன் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி விடுங்கள். அது அந்தக் காலத்து ஏ.சி.

கடற்கரை ஊரில் துருவை எப்படிச் சமாளிப்பது?

இந்த ஊரில் ஒரிஜினலா மொடிபையா என்ற கேள்வியைக் கடைசியில் தீர்ப்பது உப்புக் காற்றுத்தான். டச்சு விரிகுடாப் பக்கம் வீடு உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஜன்னல் கம்பியே வருடத்துக்கு ஒரு பெயின்ட் கேட்கும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். வாடைக் காலத்தில் மழையும் தூவானமும் அடிப்பக்கம் போய் உட்கார்ந்தால், கச்சான் வந்துதான் காயும்.

மைனருக்குத் தனி செசி இல்லை, பொடியே செசி. ஆகவே துரு அழகுப் பிரச்சினை மட்டும் கிடையாது. பார்க்க வேண்டிய இடங்கள்: பின் லீஃப் ஸ்பிரிங் பிடிக்கும் இடம், கதவுக்குக் கீழ் உள் சட்டம், ஜாக் வைக்கும் இடம், நடுக் குறுக்குச் சட்டம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டு போங்கள். மெல்லிய துணியில் சுற்றி வைத்து வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தகரம் இல்லை, பட்டி இருக்கிறது. நான் பார்த்த ஒரு காரில் கதவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் வழுக்கிக்கொண்டே போனது. தட்டினால் சுவரைத் தட்டுகிற சத்தம். விற்றவர் "பொடி கல்லு மாதிரி" என்றார். பொய் சொல்லவில்லை.

செய்ய வேண்டியவை சாதாரணம். கடற்கரை வீதியில் ஓடிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவுங்கள். தார்ப்பாயால் மூடாதீர்கள், அது ஈரத்தை உள்ளே அடைத்துப் புழுக்கும். ஓலைக் கொட்டில் ஆயிரம் மடங்கு மேல். சட்டங்களின் உள்ளே மெழுகு ஒயில் அடியுங்கள். பழைய ஆட்கள் கழித்த எஞ்சின் ஒயிலை அடித்தார்கள், மணக்கும், ஊத்தை, ஆனால் அவர்கள் கார்கள்தான் இன்று மிச்சம்.

துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்து, அதே அளவில் புதுத் தகரம் வைத்து ஒட்டுவதும் கிரைண்டர் வேலைதானே என்று மடக்குவார்கள். இது புண்ணை அறுப்பது. இலங்கையில் அடித்த மைனர் பொடித் தகடுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகியிருக்கின்றன என்பதையும் சொல்லி வைக்கிறேன். தகரம் அடித்து ஒட்டும் நம் ரிங்கர் வேலைக்காரர்களின் கை அப்படிப்பட்டது.

எந்த நிறம் அடிக்கலாம்?

விரும்பிய நிறம். பெயின்ட் திரும்ப அடிக்கலாம். தொழிற்சாலை நிறம் வேண்டுமென்றால் கதவு உட்காரும் தூணில், மிதியடிக்குக் கீழே சுரண்டிப் பாருங்கள். என்னுடையதில் நீலத்துக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே கிளாரண்டன் சாம்பல். அடுக்குகளை ஒரு இடத்தில் சுரண்டாமல் விட்டு வைத்தேன்.

மரச்சட்டம் வைத்த மைனர் டிராவலருக்கு முதிரை மரம் போடலாமா?

டிராவலரின் மரம் அலங்காரத்துக்கு வைத்ததில்லை, பின்பக்கப் பொடியையே அது தாங்குகிறது. தொழிற்சாலையில் போட்டது ஆஷ் மரம், இலேசு, வளைந்து கொடுக்கும். முதிரை உழைக்கும், ஆனால் கனம். நல்ல காய்ந்த தேக்கு நடுவழி. மரக்காலைக்காரர் ஈர மரத்தைத் தந்துவிட்டால் ஆறு மாதத்தில் கதவு பூட்டாது.

பழைய நம்பர் பிளேட்டை என்ன செய்வது?

இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு வராது. 1957 தொடக்கம் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழர் பகுதிகளில் அதை எதிர்த்துத் தமிழ் ஸ்ரீ எழுதி ஓட்டினார்கள். 58இல் இனக்கலவரத்தில் நாடு எரிந்தது. ஒரு எழுத்து. அதே 57இல்தான் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. இந்த ஊரில் 57க்கு முந்திய கார் ஒவ்வொன்றும் அந்த இரண்டையும் பார்த்திருக்கும்.

என் காரின் பின் தகட்டைக் கழுவும்போது, வெயில் சாய்ந்து விழும் நேரத்தில், கறுப்புப் பெயின்டுக்குக் கீழே ஒரு வளைவு புடைத்துத் தெரிந்தது. விரலால் தடவினேன். தமிழ் ஸ்ரீயின் கொம்பு. யாரோ எழுதி, யாரோ அழித்து, அதற்கு மேல் முறைப்படி எழுதியிருக்கிறார்கள். அப்பா வாங்குவதற்கு முந்திய கதை, கேட்க இப்போது ஆளில்லை. வீதியில் ஓட்டும்போது சட்டப்படியான தகடுதான் போட வேண்டும், போட்டிருக்கிறேன். பழையதைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். "புதுசா மினுக்கித் தாறன்" என்று கேட்ட பெயின்ட்காரருக்குக் கொடுக்கவில்லை.

கடதாசிகளில் என்ன கவனிக்க வேண்டும்?

பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் செசி நம்பரும் இருக்கும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து திருத்த வேண்டும். பொடியின் வடிவத்தையே மாற்றுவது என்றால் வேலை தொடங்க முன்னர் கேளுங்கள், பிறகு கேட்டால் அலைச்சல். செசி நம்பர் உள்ள தகட்டில் எவரையும் கை வைக்க விடாதீர்கள்.

"பழைய கார்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்றவர்களை 2022 பிடித்தது. பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டை எடுக்க வாகன நம்பரோடு செசி நம்பரும் கேட்டார்கள். எழுத்து ஒன்று பிசகினாலும் கொம்பியூட்டர் ஏற்காது. வெல்டிங் செய்து தகட்டைத் தொலைத்தவர்களும், மூன்று கை மாறியும் பெயர் மாற்றாதவர்களும் வாரத்துக்குரிய 20 லீற்றருக்காக நாய்ப்பாடு பட்டார்கள்.

ஏற்கெனவே வெட்டிக் குதறின காரை வாங்கிவிட்டேன். திருப்பி ஒரிஜினலாக்கவா?

அவசரப்படாதீர்கள். வெட்டியவர் எப்போது, ஏன் வெட்டினார் என்று கேட்டுப் பாருங்கள். 70களில் சாமான் இறக்குமதி இல்லாமல் லேத்தில் செய்து போட்டதை எடுத்தெறிவது முட்டாள்தனம். போன வருடம் யாரோ ஆசைக்கு மட்கார்டை அகலமாக்கினதென்றால் எடுக்கலாம். அந்தக் காரையே தாராளமாக மொடிபை பண்ணி விளையாடவும் செய்யலாம். வெட்டாத கார் ஒன்றை வெட்டுவதை விட அது எவ்வளவோ நல்லது.

முழுக்க மாற்றிய கார்களை மதிக்கவே மாட்டீர்களா?

கை வேலை நன்றாக இருந்தால் மதிப்பேன். அமெரிக்காவில் 1932ஆம் ஆண்டு ஃபோர்டை வெட்டி, வேகத்துக்காக மாற்றிய ஹொட் ரொட் ஆக்கினார்கள். அன்றைக்குப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். 1997இல் பெபிள் பீச் என்ற, பழைய கார்களின் மிகப் பெரிய அழகுப் போட்டியில் ஹொட் ரொட்டுக்குத் தனி வகுப்பே வைத்தார்கள். இப்போது அந்த வெட்டின கார்களை "அப்படியே வை, பெயின்டைத் தொடாதே" என்று பாதுகாக்கிறார்கள். இது எனக்கு எதிரான வாதம் என்று தெரிந்தே சொல்கிறேன்.

எதற்கு விலை கூட?

ஓடுகிற, துரு இல்லாத, கடதாசி சரியான காருக்கு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது எல்லாப் பழைய காருக்கும் திடீரென்று மதிப்பு வந்தது, 2025இல் திறந்த பிறகு ஆட்கள் பழையபடி பேரம் பேசுகிறார்கள். விற்பதற்காக மாற்றாதீர்கள். உங்கள் ரசனைக்கு அடுத்தவர் காசு தர மாட்டார்.

வேலையை யாரிடம் கொடுப்பது?

"எல்லாம் செய்யலாம்" என்று உடனே சொல்பவரிடம் வேண்டாம். என் காரைப் பார்ப்பவர் கிண்ணியாவில் ஒரு நானா. 2009இல் பாலம் திறப்பதற்கு முன்னர் அப்பா காரைப் பாதை என்ற மிதவையில் ஏற்றித்தான் அவரிடம் கொண்டு போவார். ஐந்து கியர் பொக்ஸ் போடவேண்டும் என்று நான் ஒருமுறை போனேன். நானா கீழே குனிந்து, டோர்ச் அடித்து, கியர்பொக்ஸை மூடும் தரை மேட்டை, அதாவது டணலை, வெகுநேரம் பார்த்தார்.

"டணலைக் கொஞ்சம் அறுக்க வரும், மகன்."

"கொஞ்சம்தானே, நானா?"

"அறுத்த பொறகு நீங்க வந்து, நானா பழைய பொக்ஸே நல்லமா இருந்திச்சு என்டு சொன்னா, நான் எங்க போற?"

பழைய பொக்ஸைப் பிரித்து பெயரிங் மாற்றித் தந்தார். ஹபரணை வீதியில் இன்னும் பஸ் ஹோர்ன் அடிக்கிறது.

உங்கள் காரில் வெட்டிய இடமே இல்லையா?

இருக்கிறது. டாஷ்போர்டின் இடப்பக்கத் தகரத்தில் ஒரு சதுர ஓட்டை. எண்பதுகளின் நடுவில் அப்பா கசற் செற் போடுவதற்காக அவரே வெட்டியது. வாள் ஒரு பக்கம் வழுகி, கீழ் விளிம்பு கோணல். செற் எப்போதோ களவு போய்விட்டது. இங்கிலாந்திலிருந்து நல்ல டாஷ்போர்டு ஒன்று எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது மருமகன், அந்த ஓட்டையில் புளூடூத் செற் ஒன்று பூட்டலாம் என்று நிற்கிறான். அளவெடுத்தும் பார்த்துவிட்டான். கோணல் பக்கத்தை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாக உட்காருமாம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.